முதலாம் படிவத்தில் தமிழ் தானாக வராது: 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் வகுப்பு உண்டு

தாசேக் கெலுகோர் – பினாங்கில் 2026-ஆம் ஆண்டுக்கான பள்ளித் தவணை ஜனவரி 12, திங்கட்கிழமை தொடங்கியது. எல்லைக்கு அப்பால் கெடாவில் ஒரு நாள் முன்னதாக, ஞாயிற்றுக்கிழமையே பள்ளி திறந்தது. கோவிட் தொற்றுக்குப் பிறகு மார்ச், பிப்ரவரி என்று தள்ளிப்போன பள்ளித் திறப்பு, 2026-இல் மீண்டும் ஜனவரிக்கே திரும்பியது.

ஆறாம் ஆண்டை முடித்த நம் பிள்ளைகள் இப்போது இடைநிலைப்பள்ளியில் காலடி வைக்கிறார்கள். சீருடை, காலணி, புத்தகப்பை எல்லாம் வாங்கியாகிவிட்டது. ஆனால் கடையில் வாங்க முடியாத ஒன்று இருக்கிறது. அதைப் பெற்றோர் பள்ளி அலுவலகத்தில் போய்க் கேட்டுத்தான் வாங்க வேண்டும். அதுதான் தமிழ் வகுப்பு.

தமிழ்ப்பள்ளியில் நாம் எதையும் தனியாகக் கேட்க வேண்டியதில்லை. தமிழ் முதல் பாடமாக இருந்தது. கணிதமும் அறிவியலும் பெரும்பாலும் தமிழில் இருந்தன. ஆசிரியர் நம் மொழியில் பேசினார். பிள்ளைக்கு ஏதாவது என்றால் வீட்டுக்கே அழைத்துச் சொன்னார். இடைநிலைப்பள்ளி அப்படியல்ல. அங்கே பல வசதிகள் உண்டு, ஆனால் கேட்டவருக்குத்தான் கிடைக்கும். முதல் சில வாரங்களில் எதை, யாரிடம், எப்படிக் கேட்பது என்பதை விளக்குவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

பாதை பிரியும் இடம்

தாசேக் கெலுகோர் வட்டாரத்தில் மலாக்கோப் தோட்டத் தமிழ்ப்பள்ளி, மேபீல்டு தோட்டத் தமிழ்ப்பள்ளி என இரண்டு பள்ளிகள் உள்ளன. பெயரிலேயே தோட்டம் இருக்கிறது. ரப்பர் காலத்தில் தோட்ட மக்களின் பிள்ளைகளுக்காக எழுந்த பள்ளிகள் இவை. பினாங்கு மாநிலத்தில் மொத்தம் 28 தமிழ்ப்பள்ளிகள் இயங்குகின்றன.

ஆனால் ஆறாம் ஆண்டோடு தமிழ்ப்பள்ளி முடிந்துவிடுகிறது. மலேசியாவில் தமிழ் இடைநிலைப்பள்ளி கிடையாது. ஆகவே இந்தப் பிள்ளைகள் தாசேக் கெலுகோர், கெப்பாலா பத்தாஸ், பட்டர்வொர்த் பக்கம் உள்ள தேசிய இடைநிலைப்பள்ளிகளுக்குப் பிரிந்து போகிறார்கள். சிறிய தோட்டப்பள்ளியில் ஒன்றாகப் படித்த பத்துப் பதினைந்து பிள்ளைகள் இரண்டு மூன்று பள்ளிகளுக்குச் சிதறும்போது, ஒரு பள்ளியில் ஒரு படிவத்துக்கு நாலைந்து பேர்தான் மிஞ்சுவார்கள்.

அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. “இந்தப் படிவத்தில் தமிழ் மாணவர் ஐந்து பேர்தான் இருக்கிறார்கள், வகுப்பு நடத்த முடியாது” என்று ஒரு பதில் வந்தால், பெற்றோர் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். பிள்ளையின் தமிழ்க் கல்வி 12 வயதில் நின்றுவிடுகிறது. ஆறு ஆண்டுகள் தமிழில் படித்த பிள்ளை, ஒரு கடிதம் எழுதாத காரணத்தால் தமிழை விட்டுவிடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

1996-ஆம் ஆண்டு கல்விச் சட்டத்தின் 2-ஆவது பிரிவு, தேசிய இடைநிலைப்பள்ளி என்றால் என்ன என்று விளக்குகிறது. தேசிய மொழி அங்கே முதன்மைப் போதனா மொழி. ஆங்கிலம் கட்டாயப் பாடம். அதே விளக்கத்திற்குள், பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால், சீன மொழியையோ தமிழ் மொழியையோ கற்பிக்கும் வசதி ஏற்படுத்தித் தரப்பட வேண்டும் என்றும் இருக்கிறது.

இதில் மூன்று சொற்களைக் கூர்ந்து கவனிக்க வேண்டும்.

முதலாவது, ‘பள்ளியில்’. 15 பேர் என்பது ஒரு வகுப்புக்கான கணக்கல்ல. ஒரு படிவத்துக்கான கணக்கும் அல்ல. மொத்தப் பள்ளிக்கான கணக்கு. முதலாம் படிவத்தில் ஐவர், இரண்டாம் படிவத்தில் நால்வர், மூன்றாம் படிவத்தில் மூவர், நான்காம் ஐந்தாம் படிவங்களில் மூவர் என்றால் 15 ஆகிவிட்டது. இடைநிலைப்பள்ளி என்ற சொல்லுக்குள் புகுமுக வகுப்பும் அடங்கும் என்று அதே சட்டப்பிரிவு சொல்கிறது. ஆகவே புகுமுக வகுப்புப் பிள்ளைகளையும் கணக்கில் சேர்க்கலாம்.

இரண்டாவது, ‘பெற்றோர்’. மாணவர் போய்க் கேட்டால் போதாது. ஆசிரியர் கேட்டாலும் போதாது. பெற்றோர் கேட்க வேண்டும்.

மூன்றாவது, ‘கேட்டுக்கொண்டால்’. யாரும் கேட்காவிட்டால், வகுப்பு வைக்க வேண்டிய கட்டாயம் பள்ளிக்கு இல்லை. 40 தமிழ் மாணவர்கள் இருக்கும் பள்ளியிலும் இதே நிலைதான்.

இந்தப் 15 என்ற எண் நேற்று வந்ததல்ல. 1956-ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கையிலேயே, 15 பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் தாய்மொழி கற்பிக்க வசதி செய்ய வேண்டும் என்ற பரிந்துரை இருந்தது. பிறகு 1961-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்திலும், இப்போதைய 1996-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அது தொடர்ந்தது. நம் பாட்டன் காலத்திலிருந்தே இருக்கும் உரிமை இது.

பினாங்குக்கு இதில் இன்னொரு பெருமையும் உண்டு. 1816-இல் பாதிரியார் ஹட்சிங்ஸ் தொடங்கிய பினாங்கு பிரீ ஸ்கூலில் அமைந்த தமிழ் வகுப்பையே நாட்டின் தமிழ்க் கல்விக்குத் தொடக்கமாகக் கொண்டு, 2016-இல் 200-ஆம் ஆண்டைக் கொண்டாடினோம். அந்த வகுப்பும் ஒரு தமிழ்ப்பள்ளியில் நடந்ததல்ல. ஆங்கிலப் பள்ளிக்குள் நடந்த தமிழ் வகுப்புதான். இன்று இடைநிலைப்பள்ளியில் நாம் கேட்பதும் ஏறக்குறைய அதே போன்ற ஒன்றைத்தான்.

எப்படிக் கேட்பது?

சண்டை போடத் தேவையில்லை. முறையாகக் கேட்டால் போதும்.

முதலில், பள்ளியில் ஏற்கெனவே தமிழ் வகுப்பு நடக்கிறதா என்று விசாரியுங்கள். நடந்தால், பதிவு நாளிலேயே பிள்ளையின் பெயரை அதில் சேர்க்கச் சொல்லுங்கள். சில பள்ளிகளில் பதிவுப் பாரத்திலேயே மொழிப்பாடம் பற்றி ஒரு கட்டம் இருக்கும். அதைக் காலியாக விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள்.

வகுப்பு இல்லையென்றால், அங்கே படிக்கும் மற்ற தமிழ்க் குடும்பங்களைத் தேடுங்கள். பதிவு நாளன்று மண்டபத்தில் பாதிப் பேரைப் பார்த்துவிடலாம். மீதிப் பேரைப் பள்ளிப் பேருந்து ஓட்டுநர், கோயில் நிர்வாகம், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் வழியாகக் கண்டுபிடிக்கலாம். ஒரு புலனக் குழு அமைத்தால் இரண்டு நாளில் வேலை முடிந்துவிடும். மூத்த படிவத்துப் பிள்ளைகளின் பெற்றோரை மறக்க வேண்டாம். எண்ணிக்கை கூடுவது அவர்களால்தான்.

பிறகு பள்ளி முதல்வருக்கு மலாய் மொழியில் ஒரு கடிதம் எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். 1996-ஆம் ஆண்டு கல்விச் சட்டத்தின் 2-ஆவது பிரிவின்படி எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ்மொழி வகுப்பு ஏற்பாடு செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறோம் என்பதே அதன் சாரம். கூடவே ஒரு பட்டியல் வேண்டும். மாணவர் பெயர், படிவம், பெற்றோர் பெயர், தொலைபேசி எண், கையொப்பம் என்று ஐந்து பத்திகள் போடுங்கள். சரியாக 15 பேரோடு நிறுத்தாமல் 18 அல்லது 20 பேரைச் சேர்ப்பது நல்லது. நடுவில் ஒரு பிள்ளை வேறு பள்ளிக்கு மாறினாலும் கணக்கு குறையாது.

கடிதத்தை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போய், ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு நகலை வட செபராங் பிறை மாவட்டக் கல்வி இலாகாவுக்கும் அனுப்புங்கள். ஓரிரு வாரத்தில் பதில் இல்லையென்றால், இரண்டு மூன்று பெற்றோர் சேர்ந்து முதல்வரையோ, கால அட்டவணையைக் கவனிக்கும் துணை முதல்வரையோ நேரில் பாருங்கள்.

இதையெல்லாம் ஜனவரி மாதத்துக்குள் செய்வது முக்கியம். கால அட்டவணை உறுதியாகி, ஆசிரியர்களுக்கு வகுப்புகள் பிரித்துக் கொடுத்த பிறகு கேட்டால், அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்ற பதில்தான் கிடைக்கும். அந்த ஒரு வருட இடைவெளியில் பிள்ளைக்குத் தமிழ் எழுதும் பழக்கமே விட்டுப்போகும்.

வழக்கமாக வரும் பதில்கள்

“ஆசிரியர் இல்லை” என்று சொல்வார்கள். அது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் ஆசிரியர் இல்லாததால் கோரிக்கையே வேண்டாம் என்று விட்டுவிடக் கூடாது. தேவை இருப்பதாக எழுத்தில் இருந்தால்தான் பள்ளி மாவட்ட இலாகாவிடம் ஆசிரியர் கேட்க முடியும். யாரும் கேட்காத பாடத்துக்கு யாரும் ஆசிரியரை அனுப்பமாட்டார்கள்.

“நேரம் இல்லை” என்பார்கள். பல பள்ளிகளில் தமிழ் வகுப்பு பள்ளி நேரத்துக்குப் பிறகோ, அதற்கு முன்போ நடக்கிறது. கால அட்டவணைக்குள் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். முடியாவிட்டால், பேருந்து நேரத்தோடு ஒத்துவரும்படி வைக்கச் சொல்லுங்கள். தோட்டத்துப் பிள்ளைக்குப் பேருந்து போய்விட்டால் வீடு திரும்ப வழியில்லை. பேருந்து இல்லாத நேரத்தில் வைத்த வகுப்பு, வைக்காத வகுப்புக்குச் சமம்.

“மற்ற பாடங்களைப் பாதிக்கும்” என்ற பதில் சில நேரம் வீட்டுக்குள்ளிருந்தே வருகிறது. ஆறு ஆண்டுகள் படித்த மொழியைத் தொடர்வது புதிதாக ஒரு மொழியைத் தொடங்குவது போன்ற சுமையல்ல. பிள்ளைக்கு நன்றாக வரும் பாடம் ஒன்று கையில் இருப்பது, எல்லாமே புதிதாக இருக்கும் முதலாம் படிவத்தில் பெரிய தைரியம்.

எவ்வளவு தேடியும் 15 பேர் சேரவில்லை என்றால்? அப்போதும் வழி உண்டு. அருகிலுள்ள வேறு பள்ளியின் தமிழ் வகுப்பில் சேர முடியுமா என்று கேட்கலாம். வெளியே தமிழ் படித்து, பள்ளி வழியாக எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்மொழிப் பாடத்துக்குப் பதிந்துகொள்ளும் மாணவர்களும் இருக்கிறார்கள். இந்த வழியில் போக நினைத்தால், தேர்வுப் பதிவு வரை காத்திராமல் முன்கூட்டியே பள்ளியிடம் பேசி வையுங்கள்.

புகுமுக வகுப்பா, முதலாம் படிவமா?

தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளி மாணவர்களில் மலாய் மொழியில் போதிய தேர்ச்சி பெறாதவர்கள், முதலாம் படிவத்துக்கு முன்பு ஓராண்டு புகுமுக வகுப்பில் படிக்கிறார்கள். பழைய தலைமுறை ‘ரிமூவ் கிளாஸ்’ என்று சொன்னது இதைத்தான். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டதால், இப்போது ஆறாம் ஆண்டில் பள்ளி செய்த மதிப்பீட்டை வைத்தே இது முடிவாகிறது.

பிள்ளைக்குப் புகுமுக வகுப்பு கிடைத்தால் பல பெற்றோர் அவமானமாக நினைக்கிறார்கள். ஒரு வருடம் வீணாகிவிட்டதே என்று பிள்ளை முன்னாலேயே புலம்புகிறார்கள். அப்படிச் செய்ய வேண்டாம். மலாய் மொழியில் தடுமாறும் பிள்ளைக்கு அந்த ஓராண்டு மொழியைப் பலப்படுத்தக் கிடைத்த அவகாசம். மொழி புரியாமல் முதலாம் படிவத்தில் போய் உட்கார்ந்தால், மலாய்ப் பாடம் மட்டுமல்ல, வரலாறு, புவியியல் என்று எல்லாமே போய்விடும்.

அதே நேரத்தில், பிள்ளை மலாய் மொழியில் நல்ல நிலையில் இருந்தும் புகுமுக வகுப்பில் போடப்பட்டதாக நினைத்தால், காரணத்தைக் கேளுங்கள். ஆறாம் ஆண்டின் மதிப்பீட்டு அறிக்கையைக் கையோடு கொண்டு போங்கள். பெயர் பதிவில் தவறும் நேர்வதுண்டு.

கணிதம் தெரியும், சொல் தெரியாது

முதலாம் படிவத்தில் கெட்டிக்காரப் பிள்ளைகூடத் திணறுவதற்கு ஒரு காரணம் கலைச்சொற்கள். தமிழ்ப்பள்ளியில் ‘பின்னம்’ என்று படித்தது இங்கே ‘பெச்சாஹான்’. ‘தசமம்’ என்பது ‘பெர்புலுஹான்’. ‘விழுக்காடு’ என்பது ‘பெராத்துஸ்’. ‘பரப்பளவு’ என்றால் ‘லுவாஸ்’. ‘கோணம்’ என்றால் ‘சூடுட்’. அறிவியலில் ‘விசை’ ‘டாயா’ ஆகிறது. ‘ஆற்றல்’ ‘தெனாகா’ ஆகிறது. ‘வெப்பம்’ ‘ஹாபா’ ஆகிறது. இருமொழிப் பாடத்திட்டம் நடக்கும் பள்ளி என்றால் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் இருக்கும்.

கணக்கு தெரியாததால் பிள்ளை தோற்பதில்லை. கேள்வி என்ன கேட்கிறது என்று தெரியாததால் தோற்கிறது. இதற்குத் தனி வகுப்பு தேவையில்லை. ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் போதும். இடது பக்கம் தமிழ்ச் சொல், வலது பக்கம் மலாய் அல்லது ஆங்கிலச் சொல் என்று தினமும் ஐந்து சொல் எழுதச் சொல்லுங்கள். ஒரு மாதத்தில் நூறு சொற்களைத் தாண்டிவிடும். அண்ணனோ அக்காளோ வீட்டில் இருந்தால் அவர்களைச் சரிபார்க்கச் சொல்லலாம்.

வரலாற்றுப் பாடத்தைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். 2013-ஆம் ஆண்டிலிருந்து எஸ்.பி.எம். சான்றிதழ் கிடைக்க மலாய் மொழியோடு வரலாற்றிலும் தேர்ச்சி பெற வேண்டும். மற்ற பாடங்களில் நல்ல புள்ளி வாங்கினாலும் இந்த இரண்டில் ஒன்று போனால் சான்றிதழ் இல்லை. வரலாறு வாசித்துப் புரிந்துகொள்ள வேண்டிய பாடம். அதற்கும் மலாய் மொழிதான் அடிப்படை.

பதிவு நாளும் பணமும்

பதிவுக்குப் போகும்போது பள்ளி இட ஒதுக்கீட்டுக் கடிதம், பிறப்புப் பத்திரம், பிள்ளையின் மைகார்டு, பெற்றோரின் அடையாள அட்டை, ஆறாம் ஆண்டு அறிக்கை ஆகியவற்றின் நகல்களைக் கொண்டு போங்கள். 12 வயது நிறைந்த பிள்ளைக்கு மைகார்டு எடுத்திருக்க வேண்டும். இன்னும் எடுக்காதவர்கள் தேசியப் பதிவிலாகாவுக்கு உடனே போவது நல்லது. பிறப்புப் பத்திரத்தில் சிக்கல் உள்ள பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். மாவட்டக் கல்வி இலாகாவில் போய்ப் பேசுங்கள்.

பள்ளிக் கட்டணத்தை அரசாங்கம் 2012-இல் நீக்கிவிட்டது. பெற்றோர் ஆசிரியர் சங்க நன்கொடை போன்றவை இன்னும் உண்டு. உடனே கட்ட முடியாதவர்கள் தவணையில் கட்ட அனுமதி கேட்கலாம். பணம் இல்லை என்று சொல்ல வெட்கப்பட்டுப் பிள்ளையின் பதிவையே தள்ளிப்போடும் குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. அது தேவையற்றது.

பாடநூல்கள் இரவல் திட்டத்தின் கீழ் இலவசமாகக் கிடைக்கின்றன. 2008-ஆம் ஆண்டிலிருந்து வருமான வேறுபாடின்றி எல்லா மாணவர்களுக்கும் இது உண்டு. ஆண்டு முடிவில் திருப்பித் தர வேண்டும் என்பதால் அட்டை போட்டுப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். பயிற்சிப் புத்தகங்களை மட்டும் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கும். பள்ளி தொடக்க உதவித்தொகையாக 150 வெள்ளி, 2023-ஆம் ஆண்டிலிருந்து பெற்றோரின் வருமானத்தைப் பார்க்காமல் வழங்கப்படுகிறது. எப்போது, எப்படிக் கிடைக்கும் என்பதைப் பள்ளி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சீருடையில் மாற்றம் உண்டு. தொடக்கப்பள்ளியின் நீலக் காற்சட்டை ஆண் பிள்ளைகளுக்கு இனி உதவாது. பச்சை நிற நீளக் காற்சட்டை வேண்டும். காலணி கறுப்பு நிறம்தான், அதில் மாற்றமில்லை. பள்ளிச் சின்னம், பெயர்ப்பட்டை, விளையாட்டுச் சட்டை ஆகியவற்றைப் பள்ளி சொல்லும் வரை வாங்க வேண்டாம். ஒவ்வொரு பள்ளிக்கும் ஒவ்வொரு விதி.

மாலைப் பள்ளியும் முதல் மூன்று மாதங்களும்

இடநெருக்கடி உள்ள இடைநிலைப்பள்ளிகளில் கீழ்ப்படிவ மாணவர்களுக்கு மாலைப் பள்ளி. அதாவது காலை முழுவதும் பிள்ளை வீட்டில். அம்மா அப்பா வேலையில். யாரும் பார்க்காத அந்தக் காலை நேரம்தான் பல பிள்ளைகளைக் கெடுக்கிறது. கைப்பேசியோடு நேரம் போய், சாப்பிடாமல், குளிக்காமல், பேருந்தைத் தவறவிட்டு, இன்று வேண்டாம் என்று முடிகிறது. வாரத்தில் ஒரு நாள் போகாத பிள்ளை, மாதத்தில் நாலு நாள் போகாத பிள்ளை ஆகிவிடும்.

காலையில் எழும் நேரம், வீட்டுப்பாட நேரம், பேருந்துக்குப் புறப்படும் நேரம் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பக்கத்து வீட்டுத் தாத்தா பாட்டியிடம் சொல்லி ஒரு முறை எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். வேலை இடத்திலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பாவது செய்யுங்கள்.

பள்ளியில் யாரைப் பார்ப்பது என்பதையும் தெரிந்து வையுங்கள். வகுப்பாசிரியர் முதல் ஆள். வருகை, ஒழுங்கு, உதவித்தொகை போன்றவற்றுக்கு மாணவர் நலப் பிரிவுத் துணை முதல்வர். மாலைப் பள்ளிக்கு ஒரு மேற்பார்வையாளர் இருப்பார். பிள்ளை பகடிவதைக்கு ஆளானாலோ, பேசாமல் ஒதுங்கினாலோ ஆலோசக ஆசிரியரைப் பார்க்கலாம். இவர்களில் யாரும் தமிழர் இல்லாமல் இருக்கலாம். மலாய் சரளமாக வராது என்று தயங்கிப் போகாமல் இருந்துவிடாதீர்கள். சந்தையில் பேசும் மலாய் போதும். தேவையென்றால் மூத்த பிள்ளையையோ நண்பரையோ அழைத்துக்கொண்டு போங்கள்.

இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் கல்விச் சட்டத் திருத்தம் 2025-இல் மக்களவையில் நிறைவேறியது. தொடக்கக் கல்வி 2003-இலேயே கட்டாயமாகிவிட்டது. இனிப் பிள்ளையைப் பாதியில் நிறுத்துவது வீட்டு விஷயம் மட்டுமல்ல. ஆனால் சட்டத்துக்குப் பயந்து அனுப்புவதைவிட, பிள்ளை ஏன் போகமாட்டேன் என்கிறது என்று முதல் வாரத்திலேயே கேட்பதுதான் பயன் தரும்.

ஐந்தாம் படிவம் வரை

தமிழ் வகுப்பில் சேர்த்ததோடு வேலை முடியவில்லை. நான்காம் படிவத்தில் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும்போது, பாடத்தொகுப்பில் இடமில்லை என்று தமிழ் கழற்றிவிடப்படும் வாய்ப்பு அதிகம். அப்போதும் பெற்றோர் கேட்க வேண்டும்.

கேட்டால் பலன் உண்டு என்பதற்கு ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. 2010-ஆம் ஆண்டு எஸ்.பி.எம். தேர்வுக்குப் பாடங்களின் எண்ணிக்கை 10 என்று வரையறுக்கப்பட்டபோது, தமிழும் தமிழ் இலக்கியமும் அடிபட்டுப் போகும் என்று நாடு முழுவதும் நம் மக்கள் குரல் கொடுத்தார்கள். அதன் பிறகே கூடுதலாக 2 பாடங்கள் எடுக்கலாம் என்ற ஏற்பாடு வந்தது. அன்று குரல் கொடுக்காமல் இருந்திருந்தால் அந்த இரண்டு இடங்களும் கிடைத்திருக்காது.

எஸ்.பி.எம். தமிழ் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நேரடியான பதில் உண்டு. தமிழ்ப்பள்ளி ஆசிரியராக வேண்டுமானால் எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்மொழி வேண்டும். எஸ்.டி.பி.எம். தேர்விலும் தமிழ் ஒரு பாடம். மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறையிலும் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்திலும் தமிழ் படிக்கலாம். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர், வானொலி, தொலைக்காட்சி, பத்திரிகை என்று தமிழ் தெரிந்தவருக்கே உரிய வேலைகள் உண்டு.

இதை இன்னொரு பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். இன்று முதலாம் படிவத்தில் நுழையும் பிள்ளைகளில் தமிழைத் தொடர்பவர்களிலிருந்துதான், இன்னும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் மலாக்கோப், மேபீல்டு பள்ளிகளுக்குத் தமிழாசிரியர்கள் வரவேண்டும். இடைநிலைப்பள்ளியில் தமிழ் நின்றுபோனால், தமிழ்ப்பள்ளியின் கதவும் மெல்ல மூடும். இரண்டும் தனித்தனி விஷயமல்ல.

உங்கள் பிள்ளை போகும் பள்ளியில் இன்னும் யார் யார் தமிழ்ப் பிள்ளைகள் என்று இன்றே எண்ணத் தொடங்குங்கள். 15 வரை எண்ணினால் போதும்.